வர வேண்டாம்

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
அன்றைக்கு டுலூத்தில்
ஏரியே கல்லாகிக் கிடந்தது.
என் செவ்ரலே சாவியைத் திருப்பியதும்
ஒரு முறை முனகியது,
அப்புறம் அதுவும் இல்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடம், பத்தொன்பது வருடம்.
யார் யாரோ பிறந்த துணியும்
யார் யாரோ செத்த துணியும்
ஒரே டிரம்மில் போட்டு வெளுத்தவள் நான்.
போன் செய்தேன்.
ப்ரென்ட் லாஸ்கோ சொன்னான்: வர வேண்டாம்.

இன்றைக்கு வர வேண்டாம் என்று
நான் கேட்டுக்கொண்டேன்.
இனி வர வேண்டாம் என்று
அவன் சொல்லியிருக்கிறான்.
படிவத்தில் எழுதியது இன்னொன்று:
வரவில்லை.
வேர் ஒன்றுதான்.
கிளை என் தலையில் விழுந்தது.

ஞாயிறுதோறும் தொலைபேசி கேட்கும்.
இந்த வாரம் வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா?
ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.
வேலை தேடினீர்களா? ஒன்று.
கிடைத்த வேலை எதையும் மறுத்தீர்களா? இரண்டு.
கல்யாணத்தில்கூட இத்தனை உறுதியாக
நான் பதில் சொன்னதில்லை.

ஆறு வாரம் பணம் வந்தது.
கணப்பு எண்ணெய்க்குக் கொடுத்தேன்,
கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்தேன்,
பெரிய பன்றித் தொடை ஒன்று வாங்கி
நாலு நாள் தனியாகவே தின்றேன்.
ஏழாவது வாரம் ஜன்னல் வைத்த உறை.
எட்டிப் பார்த்தால்
உள்ளே என் பெயர் நின்றுகொண்டிருந்தது.
தானாக விலகியவர். தகுதியில்லை.
கொடுத்த இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு டாலரைத்
திருப்பிச் செலுத்தவும்.

பன்றித் தொடையை எப்படித் திருப்புவது?

கீழ்வீட்டு பெட்டினா
தானியக் கப்பல் துறையில் இரண்டு முறை வேலை போனவள்.
மேல்முறையீடு எழுத உட்கார்ந்தபோது சொன்னாள்:
"அழுதால் கேட்க மாட்டார்கள், டெல்மா.
தேதி சொல்.
தேதிக்குத்தான் அங்கே காது."
தோசைக்கரண்டி போல ஒன்றைச் சுத்தியலாக்கி
அவளே நீதிபதியாக இருந்து
மூன்று இரவு என்னை விசாரித்தாள்.
மூன்றிலும் தோற்றேன்.

விசாரணை போனில்தான்.
வீட்டுக்குள் சிக்னல் வராது.
அதனால் அதே செவ்ரலேயில், கடனுக்கு வாங்கிய பாட்டரியோடு,
தெருவோரம் உட்கார்ந்தேன்.
வலது கையை உயர்த்துங்கள் என்றது ஒரு பெண் குரல்.
பார்க்க யாருமில்லாத கையை உயர்த்தினேன்.
பனிச்சறுக்குப் பலகையோடு போன ஒரு பையன்
எனக்குப் பதிலுக்குக் கையசைத்தான்.

அடுத்து ப்ரென்ட்.
"நீங்கள் சொன்ன வார்த்தை என்ன? அப்படியே சொல்லுங்கள்."
அவன் பேசவில்லை.
அவனுக்குப் பின்னால்
தட், தட், தட் என்று ஒன்று கேட்டது.
நாலாம் நம்பர் டிரையர்.
பெல்ட் தேய்ந்திருக்கிறது. இன்னும் மாற்றவில்லை.

"வர வேண்டாம் என்றேன்."
"இன்றைக்கா, இனிமேலா?"
தட், தட்.
"அதைச் சொல்லவில்லை, மேடம்.
ஆள் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.
அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்."

அவன் மேல் எறிய
மூன்று இரவு பொறுக்கி வைத்திருந்த கற்கள்
மடியிலேயே இருந்தன.
கூட்டுச் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டார் நீதிபதி.
தேதியைச் சொன்னேன்.
குளிரைச் சொன்னேன், முப்பத்தொன்று.
டிரையரைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு.
மனுதாரர் தானாக விலகவில்லை.
மொத்தம் ஒரு பத்தி.
நிறுத்திய வாரங்களுக்கும் பணம் வரும்,
எதையும் திருப்ப வேண்டியதில்லை.
பெட்டினா பீர் கொண்டுவந்தாள்.
நான் இரண்டாம் முறை படித்தேன்.
அந்தப் பையன் அதில் இல்லை.
உயர்த்திய கையும் இல்லை.

ஞாயிறு.
வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா? ஒன்று.
தேடினீர்களா? ஒன்று.
மறுத்தீர்களா? இரண்டு.
நன்றி, வணக்கம் என்று அது துண்டித்த பிறகும்
போன் என் காதிலேயே இருந்தது.
அதனிடம் சொன்னேன்:
நாலாம் நம்பருக்குப் பெல்ட் மாற்றச் சொல்லுங்கள்.
பஞ்சு சேர்ந்திருக்கும்.
ஒரு ராத்திரி தீப்பிடிக்கும்.