ஹெர் பிராண்ட்டாகப் படுத்திருப்பவன்

ஒரு நாளைக்கு முன்னூற்றைம்பது பெசோ,
மதியம் ஒரு கிண்ணம் பாட்சோய் சூப்.
வேலை: படுத்திருப்பது.

ஜீப்னி வண்டியை விற்ற பிறகு
இலோய்லோவில் இதைவிடச் சுகமான பிழைப்பு
எனக்கு அமையவில்லை.
லாபாஸ் சந்தைக்குப் பின்புறம், டயர்க்கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில்
காஸல் நகரத்து மருத்துவமனை ஒன்று
ஒற்றைக் கட்டிலாக வந்து இறங்கியிருக்கிறது.
எட்டு மணிக்குச் செருப்பைக் கழற்றுவேன்.
எட்டு ஐந்துக்கு நான் ஹெர் பிராண்ட்.
வயது எண்பத்தொன்று. இடுப்பெலும்பு முறிவு.
மகன் ஹாம்பர்க்கில், பேச்சுவார்த்தை இல்லை.
கோபக்காரர்.

கோபம்தான் முதலில் வரவில்லை.
ஊசி போடாமலே ஊசி போட வருகிற
இருபத்திரண்டு பெண்களிடம் எப்படிக் கோபிப்பது?
ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது அவர்களுக்கு.
பெயர் அங்கே பட்டியலில் ஏறிவிட்டது,
உடம்பு மட்டும் இன்னும் இங்கே,
மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டு.

கதவைத் தட்டு. பெயரைச் சொல்.
தொடுமுன் அனுமதி கேள்.
'நீ' என்றால் இரண்டு மதிப்பெண் போச்சு, 'நீங்கள்'.
பயிற்சி நடத்தும் ஆர்லீன் சொல்லச் சொல்ல
நானும் கற்றுக்கொண்டேன், படுத்தபடியே.

வலிக்கு அங்கே தனித்தனிப் பெட்டி.
ஷ்டெக்கெண்ட் என்றால் குத்துவது.
டும்ஃப், உள்ளே மந்தமாய் உட்கார்ந்திருப்பது.
ட்சீயெண்ட், சுண்டி இழுப்பது.
"ஙிலோவுக்கு?" என்றாள் குளோரிவிக்.
பச்சை மாங்காய் கடித்ததும் பல் கூசுமே, அது.
ஆர்லீன் அகராதியைப் புரட்டினாள்,
மறுபடி புரட்டினாள்.
"தேர்வில் வராது" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை
விலாவுக்குக் கீழே யாரோ கியர் மாற்றினார்கள்.
கல் என்று பிறகுதான் தெரிந்தது.
கட்டிலருகே நின்றவள் கேட்டாள்:
பூஜ்யத்திலிருந்து பத்துவரை, எவ்வளவு வலி?
ஒன்பது. அவர்கள் மொழியில் நொய்ன்.
"நொய்ன்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.
இல்லை என்பதற்கு அங்கே நைன்.
வலி இல்லை என்று எழுதிக்கொண்டு
போர்வையை அழகாக மடித்துவிட்டுப் போனாள்.
நான் புரண்டேன்.
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
ஆர்லீன்கூடத் தலையாட்டினாள்:
இன்றைக்கு நடிப்பு பிரமாதம்.

அப்போதுதான் வாயிலிருந்து வந்தது
"அகாய்."
ஹெர் பிராண்ட்டுக்கு அந்தச் சொல் தெரியாது.

குளோரிவிக் கதவைத் தட்டவில்லை, பெயர் சொல்லவில்லை.
நேரே வந்து விலாவில் கை வைத்தாள்.
"மாமா, எப்போதிருந்து?" நம் பேச்சில்.
அனுமதி கேட்காததற்கு இரண்டு,
மொழி மாறியதற்கு மூன்று
குறைத்த தாள் சுவரில் ஒட்டியிருந்ததாம்,
என்னை டயர்க்கடைப் பையன்கள்
கீழே தூக்கிப்போன நேரத்திலும்.

அரசு மருத்துவமனையில் எனக்குக் கிடைத்தது
நடைபாதையில் கால் கோணிய ஒரு கட்டில்.
நாற்பத்தாறு பேருக்கு ஒரு நர்ஸ்.
அவள் என்னிடம் வந்து சேர்ந்தபோது
பாட்டிலில் மருந்து தீர்ந்து வெகுநேரம்.
எப்படி வலிக்கிறது என்றாள்.
பழக்கதோஷம், "ட்சீயெண்ட்" என்றேன்.
என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.
அவளும் மாலை வகுப்பு போகிறாளோ என்னவோ.
மற்ற நர்ஸ்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை.
எங்கே என்று எனக்குத் தெரியும்:
என் கட்டிலைச் சுற்றி.

குளோரிவிக் இரண்டாம் முறை எழுதித் தேறினாள்.
அக்டோபரில் விமானம்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன்.
ஆர்லீன் பழம் வாங்கி வைத்திருந்தாள்.
கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்:
அன்றைக்கு மாதிரியே,
அந்தப் புரளல், அந்த முனகல்,
அடுத்த அணிக்கும் செய்ய முடியுமா?

ஐம்பது பெசோ கூட்டிக் கேட்டேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.