வண்டி எடை போக

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே
எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், நிற்கும்,
திரையில் எண் நடுங்கி நடுங்கி ஓயும்.
ஓய்ந்த பிறகுதான் சீட்டு அடிப்பேன்.
அதற்குள் அடிக்கச் சொல்லி டிரைவர்கள்
என் வம்சத்தையே இழுத்திருக்கிறார்கள்.

தீர்த்தகிரி வந்தது
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த செவ்வாய்க்கிழமை.
லாரி இல்லை. ஈ இருந்தது.
எட்டாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சுக்காரன்,
இப்போது கழுத்துப் பட்டை, தோல் பை,
பைக்குள் வெல்வெட் டப்பா,
டப்பாவுக்குள் ஐந்து ரூபாய்க் காசளவில்
பொன்னிறமாய் ஒரு வில்லை.
போன் முதுகில் ஒட்டினால் போதுமாம்.
கதிர்வீச்சில் தொண்ணூற்றொன்பது சதவீதத்தை
அதுவே குடித்துவிடுமாம்.
விலை ஆயிரத்து நானூற்றைம்பது.
கூடப் படித்தவள் என்பதால் ஆயிரத்து இருநூறு.

கையை நீட்டச் சொன்னான்.
அழுத்தினான். இறங்கியது.
வில்லையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி
மறுபடி அழுத்தினான். இறங்கவில்லை.
"பாத்தியா மாதேஸ்வரி?"
பார்த்தேன்.
முதல்முறை மணிக்கட்டில் வைத்த விரலை
இரண்டாம் முறை முழங்கை ஓரம் வைத்ததை.
பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு
பீடி பற்றவைப்பவர்களைப்
பதினொரு வருடமாகப் பார்க்கிறேனே.

என் போனில் எப்போதும் மூன்று கோடு.
ஒட்டினான். மூன்று கோடு.
கூப்பிட்டான். அடித்தது,
மாரியம்மன் பண்டிகை உடுக்கை மாதிரி.
மத்தியானம் பரோட்டா சுற்றி வந்த அலுமினியத் தாள்
கூடையில் கிடந்தது, சால்னா வாசத்தோடு.
இடுக்கு விடாமல் போனைச் சுற்றினேன்.
"இப்ப கூப்பிடு."
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறேனாம்,
அவன் முழங்காலுக்கு முன்னால்.

தடுத்தால் இப்படித்தான் தீர்த்தா, ஊமையாகிவிடும்.
பேசுகிறதென்றால் உன் வில்லை
சும்மா உட்கார்ந்திருக்கிறது.

சிரித்தான்.
பல்லில் குறுக்கே காவிக் கோடுகள்.
என் பல்லிலும் அதே கோடுகள்.
பள்ளிக்கூடத்துப் போர் தண்ணீர்
எங்கள் இருவரிடமும் போட்டுப்போன கையெழுத்து.
அதைக் குடிக்கக் கொடுத்த வருடங்களில்
வெல்வெட் டப்பாவோடு ஒருத்தரும் வரவில்லை.
"இதுக்கு ஏதாச்சும் வில்லை இருக்கா?" என்று
பல்லைக் காட்டிக் கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
வாயை மூடிக்கொண்டான்.
பிறகு மெதுவாகச் சொன்னான்:
சரக்கெடுக்க முப்பத்தெட்டாயிரம்,
அவன் மனைவியின் சங்கிலி காரிமங்கலத்தில் அடகு.
எனக்குப் பேச்சு வரவில்லை.
டீ சொன்னேன்.

டீ கொண்டுவந்த தமயந்தி
வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவள் வீட்டுக்குப் பின்னால் டவர்.
இரண்டு முறை கலைந்துவிட்டது அவளுக்கு.
டவர் வருவதற்கு முன் ஒன்று,
வந்த பிறகு ஒன்று.
முதலாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை,
அவள் உட்பட.
நான் சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.
அவள் மூன்று தவணையில் தருவதாகச் சொன்னாள்.
தீர்த்தகிரி என்னைப் பார்க்காமல் ஒட்டிக்கொடுத்தான்.

நாலு நாள் கழித்து
அலுமினியத் தாளோடு அவளிடம் போனேன்.
நாலு நாள் ஏன் ஆயிற்று என்பதற்கு
என்னிடம் சீட்டு இல்லை.
பார்த்தாள். அவளே ஒருமுறை சுற்றினாள், பிரித்தாள்.
"அப்ப முதல் தவணை?"
"போச்சு."
"இதை வச்சா ஒண்ணும் ஆகாதுனு
நாலு நாள் நல்லா தூங்கினேன்" என்றாள்,
என்னைத்தான் கடன்காரி மாதிரி பார்த்து.

நகத்தால் நெம்பி எடுத்து
என் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்:
"உங்க பொட்டிக்காவது ஆகட்டும்."

அங்கேதான் இருக்கிறது இன்னும்,
பொன் உரிந்து, பசையில் தூசி ஏறி.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
தீர்த்தகிரி போன் எடுப்பதில்லை.
லாரி ஏறுகிறது.
எண் நடுங்குகிறது.
காத்திருக்கிறேன்.