பதினான்கு நாள்

இலவசம் என்றால்
இங்கே ஒன்றுமே இல்லை என்று பொருள்.
குழாய் இல்லை, மேசை இல்லை.
கழிப்பறை ஒரு வாளியும் மரத்தூளும்,
அதுவும் நான் கொண்டுவந்தது.
யாரோ அடுக்கிய கல்வளையத்தில்
வேறு யாரோ எரித்த சாம்பல்.
யூமாவுக்கு வடக்கே, தார்ச்சாலை கைவிட்ட இடத்திலிருந்து
ஆறு மைல், பல் கிடுகிடுக்க.

அரசாங்க நிலம். எல்லோருக்கும் சொந்தம்,
ஆளுக்குப் பதினான்கு நாள்.
பிறகு இருபத்தைந்து மைலாவது நகர்ந்துவிட வேண்டும்.
வாடகை ஏறிக்கொண்டே போன வீட்டைவிட
இதற்கு மரியாதை தெரியும்:
துரத்தும் தேதியை வந்த அன்றே சொல்லிவிடுகிறது.

நாளுக்கு இரண்டு கேலன்.
குடிக்க, சமைக்க, முகத்தை ஏமாற்ற.
பாத்திரம் அலசிய கடைசிக் கோப்பை
கிரியோசோட் புதருக்கு.
அது நன்றி சொல்வதில்லை.
மழையின் வாசனையை இலைக்குள் பூட்டிக்கொண்டு
வேறு யாருக்கோ காத்திருக்கிறது.

அரை மைல் தள்ளி நீலத் தார்ப்பாய்.
வெண்டல் ஹேட்ச்,
நெவாடாவில் முப்பது வருடம் ஆழ்துளைக் கிணறு போட்டவர்.
ஒற்றைக்கண் நாய், பெயர் டீசல்.
இங்கே பக்கத்து வீடு என்பது
ஜெனரேட்டர் சத்தம் கேட்காத தூரம்.
மூன்று குளிர்காலத்தில்
நாற்பது வார்த்தை பேசியிருப்போம்.
ஒப்பந்தம் மட்டும் ஒன்று உண்டு:
விடிந்ததும் அவர் ஆன்டெனாவில் சிவப்புத் துண்டு,
என் வேன் கண்ணாடியில் வாணலி மூடி.
மூடி மினுங்கினால் நான் இருக்கிறேன்.
துண்டு ஆடினால் அவர்.

பன்னிரண்டாம் நாள் துண்டு இல்லை.

காப்பியை அடுப்பிலேயே விட்டு நடந்தேன்.
கள்ளி முள் காலணியைத் துளைத்தது,
பிடுங்க நிற்கவில்லை.
வறண்ட ஓடையைத் தாண்டும்போதே
எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும்,
எந்த எண்ணைக் கூப்பிடுவது,
ஹேட்ச் என்பதற்கு என்ன எழுத்து
என்றெல்லாம் ஒத்திகை.

வெண்டல் இருந்தார்.
மண்டியிட்டு,
கூடார முளையும் சுத்தியுமாக
சிமென்ட் மாதிரி நிலத்தைக் கொத்திக்கொண்டு.
பக்கத்தில் சிவப்புத் துண்டு,
அதற்குள் டீசல்.

"நானூறு அடியில் இங்கே தண்ணீர் இருக்கு" என்றார்,
தலை நிமிராமல்.
"இந்த மூணு அடிதான் வரமாட்டேங்குது."

திரும்பிப் போய் ஜாக்கி கம்பியை எடுத்து வந்தேன்.
(காப்பி கருகியிருந்தது.)
மாறி மாறிக் குத்தினோம்.
மதியத்துக்குள் இரண்டேகால் அடி.
போதும் என்று அவர் சொன்னாரா நான் சொன்னேனா,
நினைவில்லை.
மேலே இரண்டு போர்விமானங்கள்
வானத்தைக் கிழித்துப் பழகிவிட்டுப் போயின.

மறுநாள் ரேஞ்சர் ஆன்டோன் வந்தாள்.
ஓதாம் இனத்தவள்.
எதிரே இருக்கும் மலைக்கு
வரைபடத்தில் இல்லாத ஒரு பெயர் அவளிடம் உண்டு.
போன வருடம் கேட்டேன். சிரித்தாள், சொல்லவில்லை.
நோட்டில் எழுதினாள்:
லுவெல்லா ப்ரூட், வெள்ளை வேன், நாள் பதின்மூன்று.
வெண்டலின் இடம்வரை அவளோடு நடந்தேன்.
விதியைச் சொன்னாள், எப்போதும்போல:
கொண்டுவந்தது எல்லாவற்றையும்
திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

சொல்லி முடிக்கும்போதுதான் கற்குவியலைப் பார்த்தாள்.
வெறுமையாய்க் கிடந்த நாய்க்கிண்ணத்தையும்.
பேனாவை மூடினாள்.
"நாளை மதியம் மேற்கே இருந்து காற்று.
அதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.
தடத்தை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும்."

இருபத்தாறு மைல் தள்ளி
ஒரு பாலோ வெர்டே மரத்தடியில்
மறுபடியும் முதல் நாள்.
இரவு, தெற்கே ஒரு வண்டி வெளிச்சம்
தடுமாறி வந்து நின்று அணைந்தது.
அவரோ, வேறு யாரோ.
விடிந்ததும் வாணலி மூடியை மாட்டிவிட்டு
பைனாகுலரைச் சட்டை நுனியில் துடைத்தேன்.

ஆன்டெனாவில் என்னமோ ஆடியது.
காலுறை.
ஒற்றை.