நரி கொண்டுபோனது

கெர்மானில் ஏறிய ஒன்பது பேரும்
பெயர் கேட்டுக்கொள்ளுமுன்னே
வண்டி மணலில் புதைந்தது.
தள்ளும்போது தெரிந்தது
பெஹ்ரங்குக்கு முதுகுப் பிடிப்பு,
மாஹ்ருக்குக்கு வாய் நிறைய வசவு.

இரவில்
மூக்கு நுனியில் குளிர்.
முதுகின் கீழ் மட்டும் பகல் மிச்சமிருந்தது.
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கவ்வித்
தேநீர் உறிஞ்சினோம்.
விண்மீன்களுக்கு யாரோ பெயர் சொல்லத் தொடங்க,
"அதுகளும் தூங்கட்டும்" என்றார் ஓட்டுநர் மொராத்.

விடிந்தால் என் இடது செருப்பைக் காணோம்.
காற்று செதுக்கிய மேடுகளுக்கிடையே
நரியின் கால்தடம்
அவசரமே இல்லாமல் போயிருந்தது.
பாதி வழி எல்லோரும் தேடினோம்,
மீதி வழி சிரித்தோம்.

ஷஹ்தாதில் இறங்கியதும்
காலில் மாட்டியிருந்த கம்பளி உறையை
மாஹ்ருக்கிடம் நீட்டினேன்.
"வச்சுக்கோ.
நரி செருப்பைத் தந்த பிறகு கொடு."

உதறினேன்:
தார்ச் சாலையில் ஒரு பிடி லூத்.