ஆறு குறைகிறது

தீவுக்கு நான் போனதே இல்லை.
ஆயர் தாவாரிலிருந்து லூமுட் படகுத்துறைக்கு
அரை மணி நேரம்தான்.
ஆனாலும் பதினோரு வருஷமாகப் பங்கோர்தான்
என் டோபி கடைக்கு வந்துபோனது,
நீல லோரியில், மூட்டை மூட்டையாக.

விரிப்பைப் பிரித்தாலே தெரியும்.
இது வெயிலுக்குப் பூசிய எண்ணெய். இது கோப்பி.
இது கடலில் ஆடிய காலைக் கழுவாமல்
கட்டிலேறிய பிள்ளை.
யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதைத்
தலையணை உறையில் ஒட்டிய கண்மை சொல்லிவிடும்.
வடிகட்டியைத் திறந்தால் தினம் ஒரு கைப்பிடி மணல்.
கொட்ட மனசு வராமல்
பெயிண்டு டின்னில் சேர்த்துவைத்தேன்.
ரஃபிகுல் சிரிப்பான்:
"அக்கா, இன்னும் பத்து வருஷம்,
உங்களுக்கே சொந்தமா ஒரு பீச்."

மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை.
கடைசி லோரி இறக்கியது இருநூற்றுப் பன்னிரண்டு.
மறுநாள் சாலையை மூடினார்கள்.
துவைத்தேன், தேய்த்தேன், மடித்தேன்,
உத்தரம் தொடும்வரை அடுக்கினேன்.
"ரெண்டு வாரம் பொறுங்க" என்றார்
ஹோட்டலிலிருந்து என்சிக் ஹல்மி.
ரெண்டு வாரம், ரெண்டு வாரம் என்றே
தீபாவளி வந்துவிட்டது.
அப்புறம் அந்த நம்பரும் அடிக்கவில்லை.

செம்பனைக்கு என்ன தெரியும்?
குலை பழுத்தது. தோட்டத்து லோரி ஓடியது.
தோட்டம் வேண்டாமென்று தீவுக்குப் போனவர்கள்தான்
ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.
அறை கூட்டிய மூன்று பெண்கள்,
வேன் ஓட்டிய பவளக்கொடி புருஷன்,
கயாக் கற்றுக்கொடுத்த தினேஸ்வரன்.
முதல்நாள் அவன் அரிவாள் கம்பைப் பிடித்தது
துடுப்பைப் பிடிப்பதுபோலவே இருந்ததாம்.
மண்டோர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
மறுமாதம் அவன் பேரைச் சம்பளப் பட்டியலில் காணோம்.

அடுத்த வருஷம் ஜூலையில் போனுக்குப் போன் சுற்றியது:
அரிசி இல்லையா, வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள்,
வாயைத் திறந்து கேட்க வேண்டாம்.
இரவு ஒன்பதுக்கு ஷட்டரைத் தட்டினாள் பவளக்கொடி.
முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்.
"அக்கா, வெள்ளைத் துணி இருக்கா?
வீட்ல இருக்கிறதெல்லாம் பூப்போட்டது."

கத்தரியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
மாற்றான் துணி; வெட்டக் கை வரவில்லை.
முழுசாகவே கொடுத்தேன், இரட்டைக்கட்டில் அளவு.
ஜன்னல், கதவு, முகப்பு எல்லாம் மறைய
தொங்கியது அவள் வீட்டுக் கொடி.
அரிசி இறக்க வந்த சீனர் கோயில் ஆட்கள்
அண்ணாந்து பார்த்துவிட்டு
ஒரு மூட்டை கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்கள்.

மாசக் கடைசிக்குள் இன்னும் நாலு வீடு.

ஆறாவது என்னுடையது.
கரண்டு பில் மூன்று, மெஷின் தவணை ஐந்து,
சாமி படத்துக்குப் பின்னால் இருபது வெள்ளி.
விடிகாலையில் யாரும் எழும்புமுன்
மணல் டின்னில் கம்பு நட்டு
கடை வாசலில் கட்டினேன்.
மோட்டார் சைக்கிள்கள் போயின. போலீஸ் போனது.
அரிசி வேன்கூட அந்த வழியாகத்தான் போனது.
டோபி கடை வாசலில் வெள்ளை விரிப்பு.
துணி காய்கிறது என்று
ஊரே நினைத்துக்கொண்டது.

நானும் சாயங்காலம் எடுத்து மடித்துவைத்தேன்,
காய்ந்துவிட்டதுபோல.
மறுநாள் அதைப் போர்த்திக்கொண்டு
தரையில் தூங்கினேன்.
இத்தனை வருஷத்தில் முதல்முறை.
நல்ல நூல்தான்.

நவம்பரில் நீல லோரி வந்தது. புது டிரைவர்.
இரண்டு தடவை எண்ணினான்.
"ஆறு குறையுதே?"
"காத்து" என்றேன்.
எழுதிக்கொண்டான்: ஒன்றுக்கு முப்பத்தெட்டு வெள்ளி,
பில்லில் கழிக்கவும்.

ரஃபிகுலுக்குப் பெர்மிட் முடிந்துவிட்டது.
நானே மூட்டையைப் பிரித்தேன்.
எண்ணெய். கோப்பி. சின்னதாக ஒரு பாதம்.
வடிகட்டியில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.
டின்னில் கம்பு இன்னும் நட்டபடியே இருந்தது.
அதன் அடியில் போட்டேன்.