முப்பத்து நான்காம் இடம்

ஐப்பசியில் மெத்தை எப்போதும் கொஞ்சம் ஈரம்.
வேளச்சேரிக் காற்று
பிழியாமல் கொடியில் போட்ட துணி.
தூசி உண்ணிக்கு அது போதும்.
தண்ணீர் குடிக்காத பிராணி,
கால் மடிப்பில் உப்பு வைத்துக்கொண்டு
காற்றிலிருந்தே ஈரம் வாங்கும்.
சாப்பாட்டுக்கு நம் உதிர்ந்த தோல்.

பர்வீனும் நானும் பதினோரு வீடுகள் போனோம்.
பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ்,
காசிமேட்டில் மீன்வலை உலரும் மாடி,
நீலாங்கரையில் நாய்க்குத் தனிக் கட்டில்.
வாக்குவம் வாயில் வடிதாள் கட்டி
சதுர மீட்டருக்கு இரண்டு நிமிடம்.
"எங்க வீட்ல தூசியே கிடையாதே"
பதினோரு பேரும் சொன்னார்கள்.
பன்னிரண்டாவது என் மெத்தை.
கணக்குக்கு ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

தரமணியில்
மைனஸ் எண்பது பெட்டி உறுமும் அறையில்
உண்ணிகளை நசுக்கி ஆர்.என்.ஏ. எடுத்து
அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி
ஈஸ்ட்டுக்குள் நுழைத்தோம்.
ஈஸ்ட் பாவம்.
யாருடைய மரபணு என்று கேட்காமல்
இரவெல்லாம் நுரைத்துப் பொங்கி
உண்ணியின் புரதத்தைச் சுரந்து கொடுத்தது.

இருநூற்று இருபத்திரண்டு அமினோ அமிலங்கள்.
அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் எண்பதும் உறை.
உறையோடு பிறக்கிற கத்தி அது,
உறை கழன்றதும் வெட்டத் தொடங்கும்.
உண்ணியின் வயிற்றில் செரிமானம் அதன் உத்தியோகம்.
எச்சத்தோடு வெளியேறி
நம் மூச்சுக்குழாயில் இறங்கிய பின்னும்
வேலையை விடத் தெரிவதில்லை.
செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் போட்ட தையலைப்
பிரித்துக்கொண்டே இருக்கிறது,
ஓய்வு பெற்ற பிறகும்
டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போகிறவர் மாதிரி.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

கத்தியின் முனை முப்பத்து நான்காம் இடம்.
அங்கே சிஸ்டீன்.
மூன்று எழுத்தில் இரண்டை மாற்றினேன்.
டி ஜி டி இருந்த இடத்தில் ஜி சி டி.
சிஸ்டீன் போய் அலனைன் உட்கார்ந்தது.
மழுங்கிவிட்டது.
எதைக் கொடுத்தாலும் வெட்டவில்லை.
நான்கு மாத வேலை.
பர்வீன் ரோஸ்மில்க் வாங்கித் தந்தாள்.

அப்புறம் சீரம்.
பதினைந்து பேர் ரத்தம், ஒன்பதாம் எண் நான்
(பள்ளிக்கூட நாளிலிருந்து விடிந்தால் எட்டுத் தும்மல்).
கூரான புரதத்துக்குத் தட்டு மஞ்சளானது.
மழுங்கிய புரதத்துக்கும்
அதே மஞ்சள்.
கருவியைத் துடைத்து மறுபடி படித்தேன்.
என் ரத்தம் கூர்மையைக் கவனிக்கவே இல்லை.
வெட்டினதென்னவோ முனைதான்,
ரத்தம் ஞாபகம் வைத்திருந்தது
முகத்தை.

கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் கேட்டிருந்தார்:
மாதிரிகளில் மனிதக் கலப்படம் எவ்வளவு?
நியாயமான கேள்வி.
மிச்சமிருந்த தூசியை எடுத்து ஓட்டினோம்.
"பன்னெண்டுல ஒய் குரோமோசோம் இருக்கு," என்றாள் பர்வீன்.
"நல்லா பளிச்சுனு. யாருப்பா க்ளவுஸ் போடாம தொட்டது?"
அந்த அறையில் நாங்கள் இரண்டு பெண்கள்.
கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.
சட்டென்று குனிந்து
சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

மாதிரி எடுத்த அன்று அருள்தாசன் போய் ஏழு மாதம்.
கதவுப் பூட்டு மாற்றியிருந்தேன்.
தலையணை உறை, கேஸ் இணைப்பில் பெயர்.
அக்னி நட்சத்திரத்தில் மெத்தையை மொட்டை மாடிக்குத் தனியாக இழுத்துப்போய்
இரண்டு பக்கமும் காய வைத்தேன்.
அப்படியும் அவனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கின்றன,
எட்டுக் காலில் நிதானமாக,
என்னையும் அவனையும் பிரித்துப் பார்க்காமல்.

பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி 12. மனிதக் கலப்பு உண்டு. மூலம் தெரியவில்லை.
மூலம் தெரியவில்லை என்பதை அடித்தேன்.
அங்கே வேறெதுவும் எழுதவில்லை.

புது மெத்தை திங்கட்கிழமை வரும் என்றார்கள் கடையில்.
மறுபடி ஐப்பசி, விஜயநகரில் முழங்கால் தண்ணீர்.
புதன்கிழமை பார்க்கலாம் என்கிறார் வண்டிக்காரர்.