பயன்படாத நிலம்

எல்லை காட்டுபவன் என்று
என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்கள்.
நாளுக்கு நாலு பென்னி. மழை நாளில் இரண்டு.
வேதத்தின் மேல் கைவைக்கச் சொன்னார்கள்.
வேதம் அவர்களுடையது. கை என்னுடையது,
கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

சங்கிலியின் ஒரு முனையில்
சம்பளம் பாக்கி நின்ற சிப்பாய்.
மறுமுனையில் இன்னொருவன், அவனுக்கும் பாக்கி.
ரொக்கம் இல்லையாம், அதற்குப் பதிலாக
எங்களூரைக் கொடுக்கப்போகிறார்களாம்.
சந்தையில் குதிரையின் பல்லைப் பார்ப்பதுபோல
மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தான்.

எழுத்தன் பில்ப்ரோவுக்கு
மூக்கு நுனியில் எப்போதும் ஒரு துளி.
இதன் பெயர் என்ன என்றான்.
க்ளூன் நா கீராஹ் என்றேன், ஆடுகளின் புல்வெளி.
எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன்.
க்ளோனிகேரி.
அப்படி ஓர் இடம் உலகத்தில் இல்லை.
மசி காய்ந்ததும் இருந்தது.

தாளின் நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் பயன்படும் நிலம்,
அந்தப் பக்கம் பயன்படாத நிலம்:
சேறு, பாறை, முள்.
அங்கேதான் எனக்குப் புத்தி போயிற்று.

ஆற்று வளைவில் பதினெட்டு ஏக்கர்.
ஓட்ஸ் நெஞ்சுயரம் நிற்கும் மண்.
அது நவம்பர்,
வெள்ளம் ஏறி, வயல் முழுக்க வானம் கிடந்தது.
சதுப்பு என்றேன்.
மாடு இறங்கினால் கொம்புதான் மிஞ்சும் என்றேன்.
பில்ப்ரோ தண்ணீரைப் பார்த்தான்,
தன் புதுச் செருப்பைப் பார்த்தான்,
பச்சைக் கிண்ணத்தை மூடிவிட்டுப் பழுப்பைத் திறந்தான்.

எண்ணாததை எவன் எடுப்பான்?
அன்றிரவு கோர்ம்லாவிடம் சொன்னேன்.
கொள்ளைநோய்க்குப் பிறகு
அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.
அண்டை வீட்டு நாய்கூடக் குரைத்தது.

வசந்தத்தில் எங்கள் பிரபு
குடும்பத்தோடு ஷானனைத் தாண்டிப் போனார்.
தாண்டாவிட்டால் தூக்கு.
கையில் ஒரு சான்றிதழ். படிக்கத் தெரிந்தவன் படித்தான்:
மனைவி, வயது முப்பத்தாறு, நடுத்தர உயரம்.
மகள், பதினொன்று, பழுப்பு முடி.
பசு நான்கு. பன்றி இரண்டு. விதைத்தது மூன்று ஏக்கர்.
அந்தச் சிறுமி ஒரு பன்றியின் கயிற்றைப் பிடித்திருந்தாள்,
அது வர மறுத்தது.
நாங்கள் யாரும் போய்த் தள்ளிவிடவில்லை.

உழுகிறவன் இருக்கலாம் என்று உத்தரவு.
நிலம் தன்னைத் தானே உழுதுகொள்ளாது என்பது
லண்டனுக்கும் தெரிந்திருந்தது.

பிறகு சீட்டுக் குலுக்கினார்கள்.
க்ளோனிகேரி, நூற்று நாற்பது ஏக்கர்,
ஜாபெஸ் ட்வைட் என்பவனுக்கு விழுந்தது.
பத்திரத்தைப் பில்ப்ரோ எனக்குப் பெயர்த்துச் சொன்னான்,
பாவம், நல்ல பிள்ளைதான்.
பயன்படாத நிலத்துக்குக் கணக்கு இல்லையாம்.
விலையும் இல்லையாம்.
பயன்படும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு
சும்மா போய்விடுமாம்.

கொசுறு.

ஜூன் மாதம் தண்ணீர் இறங்கியது.
ட்வைட் ஆற்று வளைவுக்கு வந்தான்.
குதிகாலால் மண்ணைக் கிளறினான்,
குனிந்து ஒரு பிடி எடுத்து மோந்தான்.
அவனும் எவனோ ஓர் உழவன் பெற்ற பிள்ளைதான் போலிருக்கிறது.
கையைத் தட்டிவிட்டு
வெகுநேரம் என்னையே பார்த்தான்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என்னிடம் இன்னும் இரண்டு பொய் இருந்தது.

அந்தப் பதினெட்டு ஏக்கரையும்
எனக்கே குத்தகைக்கு விட்டான்.
குத்தகைப் பணம் மட்டும்
சதுப்புக்கு உரியது அல்ல.

கோர்ம்லா அதைப் பற்றிப் பேசுவதில்லை.
காசை எண்ணும்போது
ஒரு பென்னியைக் கூடுதலாக ஒருமுறை எண்ணுவாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

டப்ளினில் ஏதோ ஓர் அறையில்
சுருட்டி வைத்த தோலில்
இந்த வயல் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும்.
ஓட்ஸ் இந்த ஆண்டு நெஞ்சைத் தாண்டிவிட்டது.
நடுவில் அரிவாளோடு நிற்கிறேன்.

வரைபடத்தின்படி
நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்.